பின்னேரத்து முதுகுவலி

சம்பளப் பிரிவில் வேலை செய்கிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா? சம்பளம் சரியாக வந்தது என்று சொல்ல நம்மிடம் ஒருவரும் படியேறி வருவதில்லை. புலம்பெயர்ந்து வந்த லிட்கம்மில் ஒரு குளிர்சாதனக் களஞ்சியத்தின் சம்பளப் பிரிவு நான்தான். பிரிவு என்றால் நானும் ஒரு ஹீட்டரும். வருகிறவரின் முகத்தைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு மிதப்பு எனக்கு இருந்தது, சுதன் வரும்வரை.

பெட்டி தூக்கிய நோயாளி

சுதன் எங்களிடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். மனைவிக்குப் பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு மாதம் என்று, தகப்பன்மாருக்கான லீவை முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தான். திடீரென்று முதுகுவலி என்று சுகவீன லீவு போட்டுத் தினமும் மத்தியானத்தோடு கிளம்பத் தொடங்கினான்.

ஒருநாள் காலை என் வாசலில் கிடந்த பேப்பர் பெட்டிகளை, நான் கேட்காமலே, இரண்டிரண்டாகத் தூக்கி அடுக்கித் தந்தான். "முதுகுவலி எங்க தம்பி?" என்றேன். பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அது பின்னேரத்திலதான் அக்கா வரும்."

மாமியின் உத்தரவு

சுகவீன லீவு தீர்ந்துவிட்டது என்று சொல்லக் கூப்பிட்டேன். கதிரையில் இருந்ததும் அழத் தொடங்கிவிட்டான். பிள்ளை முன்னமே பிறந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு. மனைவிக்கு ஆபரேஷன். பிள்ளை வீட்டுக்கு வரும்வரை ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது, நாவூறு படும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் மாமியின், அதாவது மனைவியின் தாயின், உத்தரவு. தகப்பன்மார் லீவை இப்போதே எடுத்தால் பிள்ளை வீட்டுக்கு வரும் நேரம் தீர்ந்துவிடும், மனைவியும் மாமியும் தனியாக என்ன செய்வார்கள் என்ற பயம் வேறு. டிஷ்யூப் பெட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

நல்ல காலம், சட்டம் அவன் பக்கம் இருந்தது. பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தால், சம்பளமில்லாத அந்த லீவை இடையில் நிறுத்திவிட்டு வேலைக்கு வரலாம். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் மிச்சத்தை எடுக்கலாம். நிறுவனம் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மனேஜர் கேரியிடம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சுதன் என் முன்னாலேயே மாமிக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் விட்டான். வெள்ளைக்காரருக்குச் சொல்லலாம், அவையின்ர கண் படாது, தமிழ் ஆக்களுக்குத்தான் சொல்லக்கூடாது என்றார் மாமி. "இந்த அக்காவும் தமிழ்தானே மாமி?" என்றான் இவன். மாமி ஒருதரம் செருமினார்.

"அவ சம்பளக் கந்தோர் ஆள். அது பரவாயில்லை."

கேரிக்கு ஒரு ரகசியம்

கேரி யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் ஒலிபெருக்கியில் அறிவித்துக் கேக் வெட்டுகிற மனுஷன். அவர் வாயில் ஒரு ரகசியத்தை வைப்பதை நினைக்கவே எனக்கு வியர்த்தது. சுதனையும் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, பிள்ளையின் கதையைச் சொல்லி, நாவூறு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே கையை உயர்த்திச் சம்மதம் என்றார். தன் மகளும் அப்படித்தான் அவசரப்பட்டுப் பிறந்தாள் என்றார். இப்போது எப்படி இருக்கிறாள் என்று சுதன் மெதுவாகக் கேட்டான்.

"கார் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். இப்போதுதான் எனக்கு உண்மையான பயம்."

பதவி உயர்வு

அதன்பின் களஞ்சியத்தில் ஒரு குருவிக்கும் விஷயம் தெரியவில்லை. சுதன் மனைவியோடு சில நாட்கள் இருந்துவிட்டு, லீவை நிறுத்தி வேலைக்கு வந்தான். வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். ஒரு காலை என் வாசலில் வந்து நின்றான். முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. "அக்கா, லீவைத் திரும்பத் தொடங்குங்கோ" என்றான். அவன் பெயரை இரண்டு தரம் பிழையாக டைப் செய்தேன். கண்ணீர் மறைத்தால் யார்தான் என்ன செய்வது.

ஞாயிற்றுக்கிழமை வென்ட்வேர்த்வில்லில் அவன் வீட்டுக்குப் போனேன். கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டோடு, குழாய் ஒன்றும் இல்லாமல், பிள்ளை கொட்டாவி விட்டது. "என்ன வடிவு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மாமி சிரித்தபடி தேத்தண்ணி தந்தார். போயிட்டு வாறன் என்று சொல்லி வாசலில் சப்பாத்தைப் போடும்போது குசினிக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"தம்பி, உப்பும் செத்தல் மிளகாயும் எடுங்கோ. தமிழ் ஆள் ஒண்டு வந்து பார்த்திட்டுப் போகுது."

இத்தனை வருடச் சம்பளப் பிரிவு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.