இருபத்தெட்டு டிகிரி

திருமணம் சனிக்கிழமை. ஒட்னி புதன்கிழமை விடிந்ததுமே ஊர் மன்றத்தின் இரண்டு இரும்பு அடுப்புகளையும் பற்ற வைத்துவிட்டாள். வெளியே மைனஸ் இருபத்து நான்கு. உள்ளே மைனஸ் பதினொன்று. சூடேற ஏற மரச்சுவர்கள் வெடி வெடித்தாற்போல் சத்தம் போட்டன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் ஓடிப்போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்தாள்.

நார்வேயிலேயே அதிகக் குளிர் எங்கள் பள்ளத்தாக்கில்தான் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒட்னிக்கு அந்தப் பெருமை கிடையாது. ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஆரம்பத்தில் இருபத்து மூன்று பிள்ளைகள் ஏறினார்கள். இப்போது ஐந்து. ஓட்டுநர் இருக்கையைத் தவிர வேறெங்கும் அவள் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. காப்பியைக்கூட ஜன்னலோரம் நின்றபடியேதான் குடிப்பாள்.

மகள் இங்வில் மேற்குக் கரையில், பெர்கனில், மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை ஐவின் அந்த ஊர்க்காரன். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. வழக்கத்தைவிட நீண்ட விடுப்பு அவனுக்கு ஜனவரியில்தான் கிடைத்தது. பெர்கனிலேயே ஒரு ஓட்டலில் முடித்துக்கொள்ளலாம் என்று இருவரும் இருந்தார்கள். ஒட்னி விடவில்லை.

"ஜனவரில அங்கயாம்மா? வர்றவங்க விறைச்சுப் போயிடுவாங்க."

"ஒருத்தருக்குக்கூடக் குளிராது. அது என் பொறுப்பு."

அவள் வீட்டுக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்தபடி ஒரு மனை இருந்தது. இரண்டு வசந்தத்துக்கு முன் அதில் நின்ற பிர்ச் மரங்களை வெட்டிப் பிளந்து காயப்போட்டாள். மன்றத்தில் எரிந்தது அந்த விறகுதான். கல்யாணத்துக்குப் பிறகு மகள் எங்கே குடியிருப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. ஐவினுக்கு இரண்டு வாரம் கடல், நான்கு வாரம் வீடு. எந்த ஊரிலிருந்தும் போய்வரலாம். மருந்துக்கடை இங்கேயும் ஒன்று இருக்கிறது. நடு ஜனவரியில் இங்கே ஒரு கல்யாணம் கதகதப்பாக நடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், இங்கே வாழவும் முடியும் என்று அவர்களுக்குத் தோன்றாதா? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் கேட்கவுமில்லை. விருந்தில் பேச எழுதிவைத்த நான்கு பக்கங்களில் கடைசிப் பக்கத்தில் மட்டும் அது இருந்தது: மனை உங்களுடையது.

நவம்பரிலேயே மன்றத்து ஜன்னல் இடுக்குகளில் கம்பளித் துண்டுகளைத் திணித்து, மேலே காகித நாடா ஒட்டியாகிவிட்டது. பெஞ்சுகளில் செம்மறித் தோல். வாசலில் கூடை நிறையக் கம்பளிக் காலுறை. அழைப்பிதழின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "உடைக்கு உள்ளே கம்பளி அணிந்து வரவும்." எங்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். மழையில் வாழும் பெர்கன்காரர்களுக்காக எழுதியது.

வெள்ளிக்கிழமை மாலை அவள் கணவர் தோர்லைவ் விறகுக் கூடையோடு வந்து நின்றார்.

"போதும் ஒட்னி. இருபது டிகிரி வந்துருச்சு."

"சுவர் இன்னும் சில்லுனு இருக்கு. கை வச்சுப் பாரு."

"நாம என்ன சுவருக்கா கல்யாணம் பண்றோம்?"

"கூடையை வச்சுட்டுப் போய் இன்னொண்ணு கொண்டா."

சனிக்கிழமை மதியம் தேவாலயம் முடிந்து எழுபது பேரும் மன்றத்துக்குள் வந்தார்கள். கதவைத் தாண்டியதும் ஒவ்வொருவரும் 'ஆகா' என்றார்கள். ஐவினின் அம்மா பெரித், ஒட்னியைக் கட்டிக்கொண்டாள்.

"சொர்க்கம் மாதிரி இருக்குங்க! நீங்க எழுதினதைப் பாத்துப் பயந்து மூணு கம்பளி போட்டுட்டு வந்தேன்."

"மூணா? நல்லது, நல்லது" என்றாள் ஒட்னி. மகள் அதைக் கேட்டாளா என்று திரும்பிப் பார்த்தாள்.

எழுபது உடம்புகள் எழுபது அடுப்புகள் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. பாலாடைக் கஞ்சி வந்தபோது நெற்றிகள் மின்னின. மான்கறி வந்தபோது தெர்மாமீட்டர் இருபத்தெட்டைக் காட்டியது. மேஜைமேல் மெழுகுவத்திகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பெண்களின் விழா உடையே கனத்த கம்பளி. அதற்குள்ளே இன்னொரு கம்பளி. அதைச் சபையில் கழற்ற முடியாது. ஒருவர் ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. யாராவது கதவைத் திறந்தால், "குளிர் வருது!" என்று ஒட்னி ஓடிப்போய்ச் சாத்தினாள். யோசித்துச் செய்ததில்லை. அவள் கைக்கு அது பழகிவிட்டது.

விருந்தை நடத்தியவன் அவள் தம்பி கோரே. யார் எப்போது பேச வேண்டும் என்ற பட்டியல் அவனிடம்தான்.

"அக்கா, இது கல்யாணமா, இல்ல நீராவிக் குளியலா?"

"வேர்த்தா கோட்டைக் கழட்டு."

"கோட்டைக் கழட்டியாச்சு. அதுக்குக் கீழ இருக்கறதக் கழட்டினா, இன்னிக்கே என் கல்யாணம் முறிஞ்சுடும்."

விருந்தாளிகள் கோப்பையைக் கரண்டியால் தட்டினால் மணமக்கள் நாற்காலிமேல் ஏறி முத்தமிட வேண்டும். காலால் தரையை உதைத்தால் மேஜைக்கடியில் போய். எங்கள் வழக்கம் அது. உதைக்கும் சத்தம் எழுந்தது. இருவரும் உள்ளே போனார்கள். வரவில்லை. மறுபடி உதைத்தார்கள். சிரிப்பு கூடியது. கடைசியில் ஐவின் மட்டும் தலை கலைந்து வெளியே வந்தான்.

"இங்வில் வரமாட்டாளாம். கீழ நல்லா ஜில்லுனு இருக்காம்."

அடுத்துப் பேச வேண்டியவள் ஒட்னி. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேஜை விரிப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

இங்வில் தரைப்பலகையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள்.

"எந்திரி. நான் பேசணும்."

"ரெண்டு நிமிஷம்மா. நீயும் படுத்துப் பாரேன்."

"உனக்குக் குளிரலையே?"

இங்வில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா, நீ பேசப்போறதுல அந்த மனையைப் பத்தி ஏதாவது இருக்கா?"

ஒட்னி மேஜை விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"நீ மரத்தை வெட்டினப்பவே நினைச்சேன். அம்மா, நாங்க அக்டோபர்லயே பெர்கன்ல வீடு வாங்கிட்டோம்."

"குளிருக்குப் பயந்தா?"

"குளிர் எனக்கு என்னம்மா பண்ணும்? நான் இங்க வளந்தவதானே. எனக்கு அந்த ஊர் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

சுற்றிலும் கம்பளிக் காலுறை போட்ட கால்கள். சில கால்கள் அதையும் உருவிப் போட்டிருந்தன.

"கேட்டா முடியாதுன்னு சொல்லிருப்பே" என்றாள் ஒட்னி.

"ஆமா."

"அடுத்துப் பேசுபவர் மணமகளின் தாயார்!" என்று கோரே மேலே முழங்கினான். "அக்கா எங்க?"

"மேஜைக்கடியில!" என்று பலர் கத்தினார்கள். மறுபடி தரை அதிர்ந்தது.

ஒட்னி தவழ்ந்து வெளியே வந்தாள். முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு மூன்று பக்கங்களை வாசித்தாள். இங்வில் பிறந்த அன்று பனி வாரும் வண்டியின் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போனது. ஏழு வயதில் பேருந்தில் ஏறியதும், "இங்க உன்னை அம்மான்னு கூப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி இருக்கைக்குப் போனது. ஆட்கள் சிரித்தார்கள், வியர்வையையும் துடைத்துக்கொண்டார்கள். நான்காம் பக்கம் வந்தது. அதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பெரித் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். ஒட்னி காகிதத்தை இரண்டாக மடித்தாள்.

"இவங்க பெர்கன்ல வீடு வாங்கியிருக்காங்க" என்றாள். "அங்க நல்லா இருக்கட்டும்."

கோப்பையை உயர்த்தினாள். எல்லோரும் குடித்தார்கள். கோரே கடிகாரத்தைப் பார்த்தான்.

"என்னக்கா, அதுக்குள்ள முடிச்சிட்ட? நாலு பக்கம்னியே. உனக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஒதுக்கிருந்தேன்."

"மிச்ச நேரத்துக்குக் கதவைத் திற."

"என்னது?"

"கதவைத் திற கோரே. ரெண்டு கதவையும்."

திறந்தார்கள். குளிர் வெள்ளைப் புகையாகத் தரையோடு உள்ளே வந்தது. பலர் கைதட்டினார்கள். முதலில் வெளியே ஓடியவள் பெரித். அவளுக்குப் பின்னால் பாதிக் கூட்டமும் போய்ப் பனியில் நின்றது. அவர்கள் தோள்களிலிருந்து ஆவி கிளம்பியது.

ஒட்னி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தோர்லைவ்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"நவம்பர்ல சொன்னா."

"எங்கிட்டச் சொல்லலையே."

"நீ ஒரு இடத்துல உட்கார்ந்தாத்தானே..."

அவர் முடிக்கும்போது அவள் எழுந்து கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். வெளிப்படியில் இங்வில் கழுத்துப் பொத்தானைத் தளர்த்திவிட்டு நின்றிருந்தாள். ஒட்னி அவளருகில் போய் நின்றாள்.

"அந்த வீட்டுல விறகடுப்பு இருக்கா," என்றாள், "இல்ல வெறும் கரண்டா?"

"கரண்டும்மா."

"ஜன்னல் எந்தப் பக்கம்?"