செல்வலட்சுமியின் வெயில் வண்டி

கருப்பொட்டலில் இருந்து பந்தல்குடி நாலு கிலோமீட்டர். ஊரில் யாரைக் கேட்டாலும் "இந்தா இருக்கு, எட்டி நடந்தா பந்தல்குடி" என்பார்கள். செல்வலட்சுமிக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களையும் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. எட்டி நடக்கிறவர்களுக்குத்தான் அது நாலு கிலோமீட்டர். அவளுக்கு அது இன்னொருவருடைய மூச்சு. சிறுபிள்ளையில் அம்மா தங்கத்தாய் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். அப்புறம் அய்யா சோலை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து உருட்டினார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் கொடை என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் அவளுக்காக மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, வாயைத் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்கவே கூச்சப்படுகிற பெண்ணாக அவள் வளர்ந்தாள்.

பத்தாவது வரை படித்திருந்தாள். நன்செய் கிடையாது என்றாலும், மிளகாயும் மல்லியும் விளைகிற கரிசல் காடு வீட்டுக்கு இருந்தது. வீடும் காரைவீடு, மேலே மொட்டைமாடி உண்டு. பட்டினி என்று சொல்ல முடியாது. ஆனால் இருபத்தாறு வயதில் வீட்டுக்குள் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டே இருப்பதும் ஒரு பிழைப்பா? அந்தச் சமயத்தில்தான் ஊனமுற்றவர்களுக்கு என்று ஒதுக்கியதில் அவளுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம், சண்முகவேல் அண்ணாச்சியின் மளிகைக் கடையை ஒட்டி ஒரு சின்ன அறை. கண்ணாடிக் கதவு, மஞ்சள் போர்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். லாரி டிரைவர்கள் நிறுத்தி இறங்கி, லோடு இறக்கியாயிற்று என்று முதலாளிக்கும், வர ரெண்டு நாள் ஆகும் என்று வீட்டுக்கும் பேசுவார்கள். அவர்களுக்கு எண்ணைப் போட்டுக் கொடுக்கும்போது செல்வலட்சுமிக்கு முதுகு தானாக நிமிரும். ஒருவர் அவளிடம் வந்து, "கொஞ்சம் போட்டுக் குடும்மா" என்று கேட்கிறாரே! அதுவரை கேட்கிற இடத்தில் அவள்தான் இருந்தாள்.

போய்வருவதற்கு அரசாங்கம் கொடுத்த, கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று இருந்தது. ஒரு வருஷம் அதைச் சுற்றிப் பார்த்தாள். வழியில் ஒரு ஓடைப்பள்ளம் உண்டு. இறங்கும்போது வண்டி தன் இஷ்டத்துக்குப் பாயும், ஏறும்போது இம்மி நகராது. தோள்பட்டை இரண்டும் வீங்கி, அருப்புக்கோட்டை டாக்டர் இனிமேல் சுற்றக்கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். ஆகவே மறுபடியும் சோலைதான் தள்ளினார். அவருக்கு அறுபது தாண்டி, நெஞ்சில் சளியும் கட்டியிருந்தது. காலையில் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவார், சாயங்காலம் போய்த் தள்ளிக்கொண்டு வருவார். முதுகுக்குப் பின்னால் அந்த இழுப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பூத்தும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றும். பூத்துக்குள் போய் உட்கார்ந்ததும் அது மறந்துபோகும். மறந்துபோவதை நினைத்துத்தான் அவள் தன்னை அதிகமாகத் திட்டிக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போது, மதுரைப் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றிலிருந்து சுபத்ரா என்ற லெக்சரர் தூத்துக்குடி போகிற வழியில் போன் பேச இறங்கினார். ஆள் சின்ன வயசு. பேசி முடித்தவர் வெளியே நின்ற மூன்று சக்கர வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெயிலில் சார்ஜ் ஆகிற பேட்டரியை வைத்துச் சின்ன வண்டிகளை ஓட்ட முடியுமா என்று அவருடைய காலேஜில் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்ததாம். ஓட்டிப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தாராம். உங்கள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமா என்று கேட்டார். செல்வலட்சுமி சிரித்துவிட்டாள். எங்கள் ஊரில் அது ஒன்றுக்குத்தான் பஞ்சம் இல்லை என்றாள்.

அந்த வருஷம் ஆவணியில் காலேஜ் வேன் வந்தது. வண்டியின் பின்சக்கரத்தில் ஒரு மோட்டாரை மாட்டினார்கள். மொட்டைமாடியில் கதவு அகலத்துக்கு இரண்டு சோலார் தகடுகளைத் தெற்குப் பார்த்துச் சாய்த்து நிறுத்தினார்கள். பேட்டரி இரண்டு ஜோடி. ஒரு ஜோடி வண்டியில் ஓடும், இன்னொரு ஜோடி பகல் முழுக்க வீட்டில் சார்ஜ் ஆகும். ராத்திரி சோலை மாற்றி வைப்பார். வீட்டில் இருந்த கரண்டு, ஒரு குண்டு பல்பை எரிப்பதற்கே முக்கி முனகுகிற கரண்டு. பந்தல்குடியிலும் அதே லட்சணம்தான். அதை நம்பி எதையும் சார்ஜ் பண்ண முடியாது. வெயில்தான் கதி.

முதல் நாள் கைப்பிடியைத் திருகியதும் வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. ஓடைப்பள்ளத்தில் இறங்கி, ஒரு முனகலோடு மறுகரை ஏறியது. செல்வலட்சுமி நடுவழியில் வண்டியை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். காற்று வீசியது, கருவேலங்காட்டுக்குள் ஏதோ குருவி கத்தியது. முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. அந்த இடத்திலேயே அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் அழுதாள், யாரும் பார்க்காததால் வேண்டுமளவு அழுதாள்.

ஊர் சும்மா இருக்குமா? வெயிலில் ஓடுகிற வண்டியாமே என்று திருச்சுழியில் இருந்தும் பாளையம்பட்டியில் இருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் மாடி ஏறித் தகட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். உம் மகளுக்கு வந்த யோகத்தைப் பாரு தங்கத்தாயி என்று சொல்லி, காப்பியும் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் தங்கத்தாய் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஒரு தடவை கண்பட்டுத்தான் மகளுக்குக் கால் போயிற்று என்று இத்தனை வருஷமாக நம்பி வந்தவள் அவள். கொழுகொழுவென்று இருந்த பிள்ளையை மறைக்காமல் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போனது தன் தப்பு என்று மனசுக்குள் புழுங்கியவள். இன்னொரு தடவை விடுவாளா? அடுத்த அமாவாசைக்குத் தெருப்பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு கம்பை நட்டு, தகடுகளுக்கு முன்னால் உயரத்தில், கண்ணும் கோரைப்பல்லும் வரைந்த பூசணிக்காய் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள். மாடி ஏறுகிறவன் கண் முதலில் அதில்தான் விழ வேண்டும் என்பது கணக்கு. புது வீடு கட்டினாலும் புது லாரி வாங்கினாலும் இந்தப் பக்கத்தில் செய்கிற காரியம்தான், யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. மகளே தெருவில் இருந்து அதைப் பார்த்து, உன்னைய மாதிரியே முறைக்குதும்மா என்று கேலி பண்ணினாள்.

ஆவணியில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நின்றது. பூசணிக்காயின் நிழல் சுவரோரத்தில் ஒடுங்கிக் கிடந்தது. புரட்டாசி போய் ஐப்பசி பிறக்கப் பிறக்க, சூரியன் தெற்கே சரிந்தது. நிழல் நாளுக்கு ஒரு விரற்கடையாக வடக்கே நகர்ந்து தகட்டின் மேல் ஏறியது. அதுவும் எப்போது? வெயில் உச்சத்தில் இருக்கிற மத்தியானத்தில். அந்த நேரத்தில் செல்வலட்சுமி பூத்தில் இருப்பாள். சோலையும் தங்கத்தாயும் காட்டில் இருப்பார்கள். அந்தத் தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் மொத்தத் தகடும் சுணங்கிப் போகும் என்பது கருப்பொட்டலில் யாருக்குத் தெரியும்?

முதல் தடவை வண்டி நின்றது ஐப்பசி மழை நாளில். வானம் மூடியிருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார்த்திகையில் வானம் பளிச்சென்று வெளுத்த பிறகும் நின்றது. காலையில் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், சாயங்காலம் திரும்பும்போது ஓடைப்பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். மோட்டார் மாட்டியதில் இருந்து கையால் சுற்றுகிற சங்கிலியும் கிடையாது. கருவேலங்காட்டுக்கு நடுவில், இருட்டிக்கொண்டு வருகிற நேரத்தில், யாராவது வருகிற வரைக்கும் அவள் உட்கார்ந்திருப்பாள். ஆடு பத்திக்கொண்டு வருகிறவர்கள் தள்ளிவிடுவார்கள். இல்லையென்றால் மகளைக் காணோமே என்று சோலை தேடிக்கொண்டு வருவார். அவர் வருகிறார் என்பது ஆள் தெரிவதற்கு முன்னாலேயே இருமலில் தெரிந்துவிடும்.

சோலை பேட்டரிகளை அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார். கடைக்காரர் சார்ஜ் போட்டுப் பார்த்துவிட்டு, பேட்டரி சிங்கம் மாதிரி இருக்கிறது என்றார். பூத்தில் இருந்து போன் போட்டதும் சுபத்ராவும் இரண்டு தடவை வந்தார். காலேஜ் வேனை மத்தியானத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதால் இரண்டு தடவையும் காலை வெயிலிலேயே வந்து, மீட்டரைத் தகட்டில் வைத்து, முள் நன்றாக ஏறுகிறதே என்று குழம்பிப்போய்த் திரும்பினார். தகட்டில் குறை இல்லை, பேட்டரியில் குறை இல்லை, மோட்டாரிலும் இல்லை. அப்படியானால் என்னிடம்தான் ஏதோ குறை என்று செல்வலட்சுமி நினைக்கத் தொடங்கினாள்.

தங்கத்தாய்க்குக் குழப்பமே இல்லை. கண்பட்டுவிட்டது, அவ்வளவுதான். வண்டி ஒரு தடவை நின்றால், மறு அமாவாசைக்குப் போன தடவையைவிடப் பெரிய பூசணிக்காய் ஏறியது. அதற்கும் மசியவில்லை என்றதும் கரும்புள்ளி செம்புள்ளி குத்திய பானை ஒன்று பக்கத்தில் ஏறியது. மார்கழியில், கிழிந்த சட்டை மாட்டி வைக்கோல் அடைத்த ஆள் ஒன்றும் கையை விரித்துக்கொண்டு நின்றது. வண்டி நிற்க நிற்க மாடியில் கூட்டம் கூடியது, கூட்டம் கூடக் கூட வண்டி நின்றது. ஒரு தாய் இதற்கு மேல் என்ன செய்வாள்? மொட்டைமாடியில் எதிரி யாராவது நின்றிருந்தால் அரிவாளோடு போயிருப்பாள்.

பூத்தைச் செல்வலட்சுமி வெளிச்சம் இருக்கும்போதே மூடிவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தாள். லாரிகள் வந்து நிற்பதே பொழுது சாய்ந்த பிறகுதான். பூட்டின கதவைப் பார்த்துவிட்டு டிரைவர்கள் அடுத்த ஊர் பூத்துக்கு வண்டியை விட்டார்கள். சண்முகவேல் அண்ணாச்சி நல்ல மனிதர், குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர். அவரே ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "சாயந்தரம் தொறந்திருந்தாத்தான் தாயி அது பூத்து. தை முடியறதுக்குள்ள ஒரு வழி பண்ணு. இல்லேன்னா அந்த ரூமை நான் வேற ஆளுக்குப் பாக்கணும்" என்றார். அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் அவளை ரொம்ப வாட்டியது.

தை பிறந்ததும் காலேஜ் வேன் வந்தது, எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போக. சோதனை முடிந்துவிட்டதாம். கிராமத்துக்கு இது ஒத்துவராது என்று மேலே எழுதிப் போய்விட்டதாம். தகடுகளைக் கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டிருக்கிறார்களாம். வழியில் வேன் பஞ்சராகி, அன்றைக்குத்தான் சுபத்ரா மத்தியானம் வந்து சேர்ந்தார். அன்றைக்குப் பார்த்து பந்தல்குடி டெலிபோன் லைன் செத்துக் கிடந்ததால் செல்வலட்சுமியும் வீட்டில் இருந்தாள். வாசலில் உட்கார்ந்து, மேலே ஸ்பானர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறந்ததில் இருந்து அவள் அந்த மாடிக்கு ஏறியதில்லை. தன்னை ஓட்டிய தகடுகளை வேனில் இருந்து இறக்கிய அன்றைக்குப் பார்த்ததோடு சரி.

சத்தம் திடீரென்று நின்றது. வெகுநேரம் கழித்து சுபத்ரா இறங்கி வந்து, அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. நிழலைப் பற்றிச் சொன்னார். பானையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்தால் முள் ஏறுகிறது, விட்டால் விழுகிறது என்றார்.

"நான் ஒருநாளாவது மத்தியானத்துல வந்து பாத்திருக்கணும் செல்வி."

செல்வலட்சுமி மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தாள். "அப்ப அதை அவுத்துட்டா ஓடுமா மேடம்?"

"ஓடும்."

வேனில் ஒரு தகட்டை ஏற்கெனவே ஏற்றிக் கட்டியிருந்தார்கள். பிரின்சிபால் கையெழுத்துப் போட்டாயிற்று, தன் கையில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் போய்க் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் சுபத்ரா. அந்தக் குரல் செல்வலட்சுமிக்குப் பழக்கமானது. லைன் கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்துகொண்டே, அப்புறமா ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று டிரைவர்களிடம் அவள் சொல்கிற குரல் அது. ஆகவே அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. காட்டில் இருந்து தங்கத்தாய் தலையில் புல்லுக்கட்டோடு வருவது தெருமுனையில் தெரிந்தது.

"எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீக மேடம்" என்றாள். "ஏற்கெனவே என் காலுக்குத் தான்தான் காரணம்னு நெனச்சிக்கிட்டிருக்காக."

சுபத்ரா சொல்லவில்லை. கேட்டுத்தான் பார்த்தாரோ என்னவோ, தகடுகள் திரும்பி வரவும் இல்லை.

மறுநாள் காலையில் சோலை வண்டிக்குப் பின்னால் வந்து நின்று கைப்பிடியைப் பிடித்தார். அண்ணாச்சி சொன்ன கெடுவுக்கு இன்னும் நாள் இருந்தது, அதுவரைக்குமாவது திறக்கலாம் என்று கிளம்பினார்கள். தங்கத்தாய் வாசலுக்கு வந்தாள். மாடியில் தகடுகள் நின்ற இடம் மொட்டையாக இருந்தது. பூசணிக்காயும் பானையும் வைக்கோல் ஆளும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு வாய் கோணி அழுகை முட்டியது.

"முத காயைச் சின்னதாக் கட்டிட்டேன்டி" என்றாள். "அன்னைக்கே பெருசாக் கட்டியிருந்தா ஒனக்கு அது நெலைச்சிருக்கும்."

"ஆமாம்மா" என்றாள் செல்வலட்சுமி.

சோலை தள்ளத் தொடங்கினார். ஓடைப்பள்ளம் வருவதற்கு முன்பே அவருக்கு மூச்சு வாங்கியது.