எழுத்தை விழுங்கிய கீபோர்ட்

மலேசியாவின் செலண்டாரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அக்கா அவர். கொண்டையில் ஸ்க்ரூட்ரைவர் செருகியிருப்பார். என் வயர்லெஸ் கீபோர்ட் எழுத்துகளை விழுங்கியது. மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கோ அன்றே கடைசி நாள். கம்ப்யூட்டரோடு அவர் கடைக்கு ஓடினேன்.

"புதுசு வாங்கிடவா அக்கா?"

"பொறுங்க தம்பி. ரிசீவர்தான் சண்டித்தனம் பண்ணுது. விடமாட்டேன் லா."

கீபோர்டின் சிக்னலை வாங்கும் அந்தக் குட்டி ரிசீவரைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு துளையாக மாற்றிச் செருகி, எம், ஏ, கே, ஏ, என் என்றே தட்டினார். திரையில் இரண்டு மூன்று எழுத்துகள்தான் விழுந்தன. கடைசியில் ஒரு சிறு வயரை மாட்டி, ரிசீவரைக் கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியின் பின்புறத்திலிருந்து முன்னால் கொண்டுவந்தார். ஐந்தும் வந்தன.

"மகன் மேல அவ்வளவு பாசமா அக்கா?"

"மகனா? மலாய் மக்கான் லா தம்பி, சாப்பிடுறது! பசியில வேற என்ன வரும்?"

அப்போதுதான் பார்த்தேன். காலையில் வாங்கிய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், மணி மூன்றாகியும் பிரிக்கப்படாமல் அவர் பக்கத்திலேயே இருந்தது.