சரக்குப் பெட்டியின் கைப்பிடிக் கம்பிகள்

பாவம் என்ற சொல்லை யாராவது என் முன்னால் சொன்னால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏ-9 வீதியில் பொழுதுபடும் நேரம் மாடொன்று குறுக்கே வந்து, மோட்டார் சைக்கிளோடு விழுந்து, வலது கை நொருங்கிய நாளிலிருந்து அந்தச் சொல்லைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். திராட்சையும் பால்மாப் பேணியுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் என் கட்டிலடியில் நின்று என் மனைவியைப் பார்த்துச் சொல்வார்கள்: “பாவம், இனி என்ன செய்யப்போறாரோ.” நான் கண்ணைத் திறந்தபடி அங்கேதான் கிடந்தேன். அடிபட்டது கையில், காதில் இல்லை.

கிளிநொச்சியில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன் நான். அந்தத் தொழிலுக்குப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் அந்த இரண்டு விரல்களும் நான் சொன்னதைக் கேட்பதாயில்லை. கிளினிக்கில் ஒரு தட்டு நிறையப் பயறைத் தந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி மற்றத் தட்டில் போடச் சொன்னார்கள். வீட்டிலும் அதையே செய்யச் சொன்னார்கள். ஒரு கிழமை பொறுக்கினேன். பிறகு தட்டோடு தூக்கி முற்றத்தில் எறிந்தேன். கோழிகளுக்கு நல்ல காலம்.

கனடாவில் இருக்கும் என் தம்பிக்குக் கோச்சிப் பைத்தியம். அவனுடைய வீட்டின் நிலக்கீழ் அறை முழுக்கக் குட்டித் தண்டவாளம் ஓடுகிறது. பயறுக் கதையைக் கேட்டுச் சிரித்தவன், அடுத்த பார்சலில் ஒரு பெட்டியை அனுப்பினான். உள்ளே ஒரு சரக்கு ரயில் பெட்டி, துண்டு துண்டாகக் கிடந்தது. பொருத்தி முடித்தால் ஒரு சாண் நீளம்கூட வராது. அடித்தளம், சுவர், இழுக்கும் கதவு, சில்லுகள், பிரேக்கைத் திருகும் வட்டம் எல்லாம் இருந்தன. அதோடு ஆட்கள் பிடித்து ஏறுவதற்கான கைப்பிடிக் கம்பிகள். தலைமயிரை விடக் கொஞ்சம்தான் தடிப்பு. சுவரில் ஊசித் துளை போட்டு, கம்பியின் இரண்டு முனைகளையும் அதற்குள் இறக்கி, பசையால் ஒட்ட வேண்டும்.

என் மனைவியின் தமையன் கனகராயன்குளத்தில் அரிசி ஆலை நடத்துகிறார். என் கடை இருக்கும் அறையும் அவருடையதுதான். நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முல்லைத்தீவில் போன் திருத்தும் ஒருவரிடம் கடையைக் கொடுக்கக் கதைத்துவிட்டார். நல்ல மனத்தோடுதான் செய்தாராம். நல்ல மனம்! செத்தவனுடைய சேர்ட்டைப் பங்கு போடுகிறவர்களுக்கும் நல்ல மனம்தான்.

ஒரு நாள் அவர் வீட்டுக்கு வந்தபோது மேசையில் சரக்குப் பெட்டியைக் கண்டார்.

“கடை கைவிட்டுப் போகுது, நீங்கள் இஞ்ச இருந்து கோச்சி விளையாடுறியளோ மச்சான்?”

எனக்கு உச்சி குளிர்ந்தா போகும்? “விளையாட்டோ? இந்தக் கம்பியளை இந்தக் கையால பூட்டினனெண்டால் போனுக்குள்ள எதையும் பூட்டுவன். பூட்டிக் காட்டினால் கடை எனக்கு. ஓமோ இல்லையோ?”

அவர் கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்தார். “சரி, பூட்டிக் காட்டுங்கோ பாப்பம். பொங்கல் முடிய வாறன். அதுவரைக்கும் அந்தாளுக்கு ஒண்டும் சொல்லமாட்டன்.”

அன்றிலிருந்து மேசையை விட்டு எழும்பவில்லை. இடது கை பெட்டியைப் பிடிக்க மட்டும். மற்ற வேலையெல்லாம் வலது கைதான் என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். சுவர்கள் நின்றன. சில்லுகள் உருண்டன. செங்காவி நிறம் அடித்தேன். தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் எழுத்துகளையும் இலக்கங்களையும் ஒட்டினேன். ஒரு இலக்கம் கொஞ்சம் சரிந்துவிட்டது. ஓடித் தேய்ந்த வண்டி போலத் தெரியவேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான். அதனால் கிரவல் றோட்டுப் புழுதியை அரித்தெடுத்து, தூரிகையால் அடிப்பக்கத்தில் தட்டினேன். அடுப்புக் கரியைக் கூரையில் பூசினேன். பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, “புதுச் சாமானை ஏன் தம்பி ஊத்தையாக்கிறாய்? விழுந்ததில தலையிலயும் அடிபட்டதோ?” என்று கேட்டா. அவாவோடு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. அவா பாவம் என்று சொல்லாமல் நேரே கேட்டா.

கம்பிகளைக் கடைசிக்கு விட்டேன். பயம்தான், வேறென்ன. சாவணத்தால், அந்தக் கூர் இடுக்கியால், கம்பியைப் பிடித்தால் துளைக்குக் கிட்டப் போகும்போது விரல் துடிக்கும், கம்பி பறக்கும். நிலத்தில் தவழ்ந்து தேடுவேன். ஒட்டினால் சரியும். என் வாயில் வந்த தூசணத்தைக் கேட்டு எங்கள் வீட்டு நாய் அடுத்த வளவுக்குப் போய்ப் படுத்தது. ஆனால் பொங்கலுக்குக் கிட்டவாக விரல் கொஞ்சம் இணங்கத் தொடங்கியது. மூன்றுக்கு ஒன்று நின்றது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. மனைவி அதைப் பார்த்திருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

பொங்கல் முடிந்த மறுநாள் கிளினிக். மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால், சரக்குப் பெட்டியில் எல்லாக் கம்பிகளும் பூட்டியிருந்தன. நேராக, ஒரே அளவாக, பசை வெளியே தெரியாமல். நான் பூட்டியிருந்த கோணல் கம்பிகளையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் பூட்டியிருந்தது.

“ஆர் இதைச் செய்தது?”

குசினிக்குள் இருந்து அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். “நான்தான். தையல் ஊசி கோக்கிற கைதானே. இஞ்சாருங்கோ, அண்ணா இப்ப வந்திடுவாரல்லோ. காட்டுங்கோ, கடை உங்களுக்குத்தான்.”

அவள் நன்றியை எதிர்பார்த்து நின்றாள். “ஆர் உன்னைக் கேட்டது? ஆர் கேட்டது?” என்று கத்தினேன்.

அவளுடைய முகம் செத்துப்போயிற்று. “நீங்கள் தோத்துப்போடுவியளெண்டு பயந்திட்டன்.”

இந்தக் கை இனி உதவாது என்று ஊரே சொன்னது. டொக்டர் சொல்லாமல் சொன்னார். தமையன் வெளிப்படையாகச் சொன்னார். அதெல்லாம் எனக்குத் தூசு. என் கையைத் தினம் எண்ணெய் பூசி உருவிவிட்டவள் இவள். இவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியா?

பதில் சொல்ல வாயெடுக்கும்போதே படலையைத் திறந்துகொண்டு தமையன் வந்தார், ஒரு வாழைக்குலையோடு. நேரே மேசைக்குப் போனார். குனிந்து பார்த்தார்.

“அட! பூட்டிப்போட்டியள்! நான் நினைக்கவேயில்லை மச்சான். சரி, சொன்னால் சொன்னதுதான். கடை உங்களுக்கு.”

கடை கைக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மனைவி அவருக்குப் பின்னால் நின்று, பேசாதே என்று கண்ணால் கெஞ்சினாள். ஐயோ, எவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு.

சாவணத்தை எடுத்தேன். ஒரு பக்கத்துக் கம்பிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வர்ணமும் சேர்ந்து உரிந்தது.

“விசரே உங்களுக்கு?” என்றார் அவர்.

“அது நான் பூட்டினதில்லை. உங்கட தங்கச்சி பூட்டினது. இருங்கோ, இருந்து பாருங்கோ.”

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். முதல் கம்பி பறந்தது. இரண்டாவது நின்றது. மூன்றாவது நின்று, சரிந்து, விழுந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பெட்டி ஆடாமல் பிடிக்க அவர் கையை நீட்டினார்.

“கையை எடுங்கோ!”

எடுத்துவிட்டார். அடுப்பில் சோறு அடிப்பிடித்த மணம் வந்தது, அவள் அசையவில்லை. ஒரு பக்கம் முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கம்பிகள் மேலும் கீழுமாக, பசை வெள்ளையாகப் பொங்கி, பார்க்கச் சகிக்காமல் இருந்தன.

அவர் தொண்டையைச் செருமினார். “சரி மச்சான், விடுங்கோ. கடையை நீங்களே வைச்சிருங்கோ.”

“இரங்கித் தாறதெண்டால் எனக்கு வேண்டாம். தட்டிப் பாத்துச் சொல்லுங்கோ. நிக்குதோ, இல்லையோ?”

அவர் நகத்தால் ஒவ்வொரு கம்பியையும் நெம்பினார். நெல்லு மூட்டையைக் குத்திப் பார்ப்பவர் போல, ஒன்றையும் விடாமல். கடைசிக் கம்பியை இரண்டு தரம் நெம்பினார்.

“கோணல்,” என்றார். “ஆனால் நிக்குது.”

அடுத்த திங்கட்கிழமை கடையைத் திறந்தேன். கூட்டிக் கழுவ அவளும் வந்திருந்தாள். கண்ணாடி அலுமாரியைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “இன்னும் கோவமோ?”

“ஓம்.”

“கடைதான் கிடைச்சிட்டுதே.”

“உன்ர அண்ணா நம்பாதது எனக்கு ஒண்டுமில்லை. நீயும் நம்பேல்லை.”

அவள் துடைப்பதை நிறுத்தினாள். இல்லை, நம்பினனான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே ஆறியிருப்பேன். அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஓம்,” என்றாள். “நம்பேல்லை.”