அக்காவுக்கு எதற்கு டேப்?

நான் இருக்கும் ஜெர்மன் சிற்றூரில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது. அது சட்டமா வழக்கமா என்று ஐந்து வருடமாகியும் எனக்குத் தெளிவாகவில்லை. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, காலிப் பாட்டில்களைத் தொட்டியில் போடுவதுகூட ஆகாது. 'ரூஹெட்சைட்' என்பார்கள், ஓய்வு நேரம். அந்த அமைதிக்குள்தான் வாராவாரம் திருச்சுழியிலிருந்து அம்மாவின் குரல் வந்து விழும். இவ்வளவு தூரம் கேட்க வேண்டுமே என்று அம்மா கத்தித்தான் பேசுவாள். ஒரு ஞாயிறு கீழ்வீட்டுப் பெண்மணி படியேறி வந்து கதவைத் தட்டினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை யாராவது மிரட்டுகிறார்களா? போலீசைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். "என் அம்மா. ஊரில் மழை இல்லையென்று சொல்கிறாள்" என்றேன். நம்பாமல்தான் இறங்கிப் போனார்.

அந்த ஒரு மணி நேரப் பேச்சில் அக்காவுக்கு இடமே இருந்ததில்லை. மாரி அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. காது கேளாதவர்களுக்கான பள்ளி மதுரையில் இருந்தது. விடுதியில் விட அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆகவே எழுத்தும் தெரியாது. ஆனால் சிறுவயதில் எங்கள் இருவருக்கும் கையாலேயே ஒரு பாஷை இருந்தது. கருவேல விறகு பொறுக்கப் போகும்போது கண்மாயின் இந்தக் கரையில் நானும் அந்தக் கரையில் அவளும் நின்றுகொண்டு மணிக்கணக்காகப் பேசுவோம். தொண்டை கிழியக் கத்தும் மற்றப் பிள்ளைகள் எங்களை வாய்பிளந்து பார்க்கும். பதினெட்டு வயதில் அவள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்தாள். அவள் சம்பளத்தில்தான் நான் நர்சிங் படித்தேன். பிறகு ஜெர்மன் படித்தேன், இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு வந்தேன். புது பாஷை உள்ளே வரவர, கைப்பாஷை எந்த வழியாக வெளியே போனது என்று நான் கவனிக்கவே இல்லை.

அம்மாவின் போன் சின்னது; திரையில் கீறலும் உண்டு. அம்மா பேசி முடித்ததும் அக்கா வந்து நிற்பாள். திரையில் ஒரு மோவாயும் நாலு விரலும் தெரியும். விரல்கள் அவசரமாக எதையோ சொல்லும், பாதி திரைக்கு வெளியே போய்விடும். "என்னம்மா சொல்றா?" என்று கேட்டால், "ஏதோ மில்லுக் கத. அவளுக்கு வேற என்ன இருக்கு?" என்பாள் அம்மா. நான் புரிந்தமாதிரி தலையாட்டுவேன். கடைசியில், இங்கே எல்லோரும் 'ச்சூஸ்' சொல்லி விடைபெறுவதுபோல உள்ளங்கையை விரித்து இடவலமாக ஆட்டிவிட்டு போனை வைப்பேன்.

சித்திரையில் பாண்டியம்மாக்கா கூப்பிட்டார். பக்கத்து வீடு, அக்காவோடு அதே மில்லில், அதே வேனில் போகிறவர்.

"ஏத்தா ஜோதி, செலேட்டு கணக்கா பெரிசா ஒண்ணு இருக்காம்ல, டேப்பு. அது ஒண்ணு வேணுமாம் ஒங்கக்காவுக்கு. அதுல பேசுனா கை பூராத் தெரியும்ங்கிறா."

நான் சிரித்தேன். "எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு டேப் எதுக்குக்கா? வாங்கிக் குடுத்தா மூலையிலதான் கெடக்கும்."

அது வீடியோ அழைப்பு என்பதையும், பாண்டியம்மாக்காவின் தோளுக்குப் பின்னால் அக்கா நிற்பதையும் பிறகுதான் பார்த்தேன். அவளுக்குக் காதுதான் கேட்காது. என் சிரிப்பை அவள் பார்த்தாள். மெதுவாகத் திரும்பிப் போனாள்.

வாங்க மாட்டேன் என்று நான் முடிவு செய்துவிடவில்லை. யோசித்தேன், அவ்வளவுதான். டேப் தேவையா இல்லையா என்று அலசும் வீடியோக்களை பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்தேன். போன் இருப்பவர்களுக்கு அது வீண் என்றார் ஒருவர். வேலைக்கு உதவாது, வெறும் பொழுதுபோக்கு என்றார் இன்னொருவர். என் தயக்கத்துக்கு அவர்கள் நல்ல துணையாக இருந்தார்கள். அதே மாதத்தில் நான் ஒரு காப்பி மிஷின் வாங்கினேன். அதற்கு ஒரு வீடியோகூடப் பார்க்கவில்லை.

ஆடியில் ஒருநாள் இங்குள்ள கடையொன்றில் நுழைந்தேன். விற்பனையாளர் இளைஞர். யாருக்கு என்று கேட்டார். என் ஜெர்மன் அவசரத்தில் சுருங்கிவிடும். "அக்காவுக்கு. அவள் பேசமாட்டாள். படிக்கவும் தெரியாது" என்றேன். 'அக்கா' என்பதற்கு அவர்கள் மொழியில் தனிச்சொல் இல்லை. தங்கைக்கும் அதே சொல்தான். அவர் முகம் மலர்ந்து, "ஓ, குட்டிப்பெண்ணா!" என்று என்னைக் குழந்தைகள் பகுதிக்கு அழைத்துப்போனார். ரப்பர் கைப்பிடி வைத்த மஞ்சள் டேப் ஒன்றை எடுத்து, மூன்று வயதுக்கு மேல் கொடுக்கலாம், விழுந்தாலும் உடையாது என்றார். முப்பத்தெட்டு வயதில் மில்லில் ஒரு வரிசை மிஷினைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவள் என் அக்கா. அவரைத் திருத்த வாய் வரவில்லை. நான் பாண்டியம்மாக்காவிடம் சொன்னதைத்தானே அவரும் சொல்கிறார்? நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகும் வாங்க எனக்குப் புரட்டாசி ஆயிற்று. இணையத்தில் ஆர்டர் செய்தேன், மூன்றாம் நாள் திருச்சுழி வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த ஞாயிறு முதல்முறையாக அக்கா இடுப்புவரை முழுசாகத் தெரிந்தாள். தலையில் நரை ஓடியிருந்தது. பாண்டியம்மாக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா நிதானமாகப் பேச ஆரம்பித்தாள், இரண்டு கையும், முகமும், தோளுமாக. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாண்டியம்மாக்கா வரிக்கு வரி தலையாட்டுகிறார், நடுவில் கையாலேயே பதிலும் சொல்கிறார். மிஷின் இரைச்சலில் மில்லில் எல்லோருமே கையால்தான் பேசுவார்களாம். அங்கே அக்காவைப் போலப் பேச ஆளே கிடையாதாம். அது எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

"என்னக்கா சொல்றா?"

பாண்டியம்மாக்கா அக்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நீ ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு கேக்குறா."

"எத?"

"அதத்தான்த்தா, கல்யாணத்த."

மில்லில் மிஷின் பழுது பார்க்கும் ஒரு பிட்டர். அருப்புக்கோட்டைக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், மனைவியை இழந்தவர். தையில் அக்காவிடமே நேரில் கேட்டிருக்கிறார், கையால். அக்காவுக்கு விருப்பம். வேற ஆளுக என்று அம்மா மறுத்து, ஜோதி சரின்னா சரி என்று சொல்லி வைத்திருக்கிறாள். அம்மா என்னிடம் வாய் திறக்கவில்லை. பாண்டியம்மாக்காவையும் அக்கா தடுத்துவிட்டாள். தன் விஷயத்தைத் தானேதான் தங்கையிடம் கேட்பாளாம். தையிலும் மாசியிலும் ஞாயிறுதோறும் கேட்டிருக்கிறாள். நான் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் உள்ளங்கையை இடவலமாக ஆட்டியிருக்கிறேன். எங்கள் பாஷையில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம். கண்மாய்க் கரையில் நாங்களே வைத்த அர்த்தம்.

"கோவத்துல சொன்னியா, வருத்தத்துல சொன்னியான்னு சின்னப் போன்ல ஒம் மொகம் தெரியலையாம். அதுக்குத்தான் டேப்பு கேட்டா" என்றார் பாண்டியம்மாக்கா.

"அவுக இப்ப எங்கக்கா? நான் பேசுறேன், இப்பவே பேசுறேன்."

"ஆடி வரைக்கும் பாத்தாக. ஆவணில வேற எடத்துல முடிச்சுட்டாகத்தா."

அம்மா பின்னால் எங்கோ பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். மன்னித்துவிடு என்று அக்காவிடம் சொல்ல வேண்டும். அதற்கான சைகை எனக்கு நினைவில்லை, அப்படியொன்று எங்களிடம் இருந்ததா என்பதே தெரியவில்லை. இரு கைகளையும் கூப்பினேன். அவள் பதறிப்போய் முன்னால் வந்து, திரையில் என் கன்னம் இருக்கும் இடத்தைத் துடைத்தாள். அவள் கட்டைவிரலின் ரேகைதான் பெரிதாகத் தெரிந்தது.

இப்போது ஞாயிறுதோறும் அக்காவோடுதான் முதலில் பேசுகிறேன். தப்பும் தவறுமாகத்தான். என் அசட்டுச் சைகைகளைப் பார்த்து அவள் சிரிப்பதுண்டு. அந்தப் பிட்டரைப் பற்றி இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் பேச்சை மாற்றிவிட்டாள்.

போன வாரம் மில்லுத் தோழிகள் நாலு பேர் வந்திருந்தார்கள். அக்கா என்னைக் காட்டி அவர்களிடம் ஏதோ சொன்னாள். வலது கையைத் தட்டையாக்கி, நெஞ்சிலிருந்து விமானம்போல மேலே ஏற்றி, அந்தரத்தில் அப்படியே நிறுத்தினாள். அது என் பெயராம். முன்பெல்லாம் மோவாயில் இருக்கும் என் மச்சத்தைத் தொட்டுக் காட்டுவாள்.

"ஏன்க்கா பாதியில நிக்குது? எறங்க வேண்டாமா?" என்று பாண்டியம்மாக்காவிடம் கேட்டேன்.

"நீ எறங்குன ஊர அவ பாத்ததில்லையேத்தா."

அக்கா என்னையும் செய்துகாட்டச் சொன்னாள். கையை நெஞ்சிலிருந்து எடுத்து ஏற்றினேன். அவள் நிறுத்திய உயரத்துக்கு வந்ததும் இறக்கிக் காட்டலாம் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே இந்த ஊரைப் பார்த்தேன், திரையில் அந்த ஊரைப் பார்த்தேன். கை நின்ற இடத்திலேயே நின்றது.