‘வரை’ என்றொரு அளவு

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அளவக்கா வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். டிவியில் கதாநாயகன் பாதி வாயைத் திறந்தபடி உறைந்து நிற்க, அவன் மூக்கின் மேல் வெள்ளை வட்டமொன்று சாவகாசமாகச் சுற்றியது. சிரிப்பு வந்தது பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்த கைபேசியிலிருந்து.

"எதுக்குடி சிரிக்கிற?"

"அந்த மாமனார் சொன்னது கேக்கலையாம்மா?"

"இங்க ஒருத்தன் திறந்த வாயை இன்னும் மூடவே இல்லை. மாமனார் எங்கேர்ந்து வருவார்?"

மறுமுனையில் சிரிப்பு அடங்கியது. பிறகு மகள் மெதுவாகச் சொன்னாள்: "விட்டுடும்மா. ரெண்டு மாசமா இதே கதை. இனிமே நீ தனியா பாரு, நான் தனியா பார்க்கிறேன். அப்புறமா பேசிக்கலாம்."

அந்த 'அப்புறமா' எப்படிப்பட்டது என்று அளவக்காவுக்குத் தெரியும். மகள் வெளிநாட்டில் கண்ணாடிக் கடையொன்றில் லென்ஸ் தேய்க்கிற வேலைக்குப் போய் நாலு வருஷம். முதல் வருஷம் முழுக்க இருவரும் பேசியது சாப்பிட்டியா, தூங்கினியா, சரி வச்சிடறேன். அப்புறம்தான் இந்த ஏற்பாட்டை மகள் கண்டுபிடித்தாள். வாரம் ஒரு படம். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் படத்தை ஓடவிடுவது, போனைத் திறந்தே வைப்பது. படம் பார்க்கும் சாக்கில் வாய் தானாகத் திறந்தது. கட்டிக்கொள்வதாகச் சொன்னவன் வேறொருத்தியோடு போய்விட்டதை மகள் சொன்னதுகூட ஒரு சண்டைக் காட்சியின் நடுவில்தான். நேருக்கு நேர் கேட்டிருந்தால் ஜென்மத்துக்கும் சொல்லியிருக்க மாட்டாள்.

அளவக்காவுக்கு வேறு பெயர் உண்டு, யாரும் கூப்பிடுவதில்லை. இருபத்தாறு வருஷமாக வீட்டு முன்னறையில் துணி திருத்தும் கடை. பேண்ட் நீளம் குறைப்பாள், இடுப்பு பிரிப்பாள், ஜிப் மாற்றுவாள். வருகிறவர் "என் இடுப்பு முப்பத்திரண்டு" என்றால் தலையாட்டிவிட்டு டேப்பைப் போடுவாள். முப்பத்தாறு இருக்கும். ஒன்றும் சொல்ல மாட்டாள். டேப்பை அவர் கண்ணுக்கு நேரே பிடிப்பாள், அவ்வளவுதான். இன்னொன்று, தையல் வெளியே தெரியக்கூடாது. இரண்டு மாதம் முன்பு முன்னறைக்கு வெள்ளையடித்தபோது, தொங்கிய ஒயர்களையெல்லாம் அதே கண்டிப்போடு மறைத்து முடித்துத்தான் மூச்சு விட்டாள்.

அன்று சாயங்காலமே கொழுந்தன் வந்தான். பக்கத்து வீட்டு வைஃபையில் ஓசியில் படம் பார்க்கிறவன். ஆகவே எல்லாம் தெரிந்தவன்.

"அண்ணி, உங்க நெட் ஸ்பீடு நூறு. நூறெல்லாம் இப்ப மாட்டு வண்டி. முந்நூறு போடுங்க, படம் பிச்சுக்கிட்டு ஓடும்."

போட்டாள். அடுத்த ஞாயிறு ஓடியது வட்டம் மட்டும்தான். மகள் "பரவாயில்லம்மா" என்றாள். அந்தப் பரவாயில்லையில் ஒரு கொட்டாவி கலந்திருந்தது.

அளவக்கா கம்பெனியின் விளம்பரத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். '300' உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அதன் காலடியில், ஊசிக்காதில் நுழைத்துவிடலாம் போன்ற எழுத்தில் ஒரு சொல்: வரை.

உடனே போன் போட்டாள். அரைமணி நேரப் பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் வந்தாள்.

"முந்நூறு வரைன்னு போட்டிருக்கே, அந்த வரைன்னா என்ன?"

"அதிகபட்சம் அவ்வளவு கிடைக்கும் மேடம்."

"குறைஞ்சபட்சம்?"

"அது உங்க பயன்பாட்டைப் பொறுத்தது மேடம்."

"நான் ஒருத்தருக்கு பேண்ட் தச்சுக் கொடுத்து, இடுப்பு முப்பத்தாறு வரைன்னு சொன்னா, அவர் அதை மாட்டிக்கிட்டு ரோட்ல நடப்பாராம்மா?"

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம். நீங்க ஐந்நூறுக்கு மாறினா..."

வைத்துவிட்டாள். ஏதோ பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டதுபோல கைபேசியை ஒரு வெட்டுத்துணியால் துடைத்தாள்.

பிறகு வேறு கம்பெனிகளின் தாள்களை வாங்கிவந்து வெட்டு மேசையில் பரப்பினாள். ஒன்றில் 'எல்லையில்லா' என்ற சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்தின் வாலைப் பிடித்துக் கீழே போனால் எல்லை. இன்னொன்றில் பன்னிரண்டு சினிமாச் செயலிகள் இலவசம். அதில் ஏழு அவளுக்குத் தெரியாத மொழிகளில். எல்லாத் தாளிலும் சோபாவில் உட்கார்ந்து ஒரே பல்வரிசையில் சிரிக்கும் அதே குடும்பம். ஒரு தாளிலாவது 'நீ எத்தனை பேர், என்ன பார்ப்பாய்' என்ற கேள்வி இல்லை. எல்லாவற்றையும் மடித்து ஆடும் மேசைக்காலுக்கு அண்டைகொடுத்தாள். அந்த ஒரு வேலைக்காவது உதவின.

தெருக்கோடியில் சின்னதாக இணைப்புக் கொடுக்கும் கேபிள்காரர் ஒருவர் இருந்தார். கடையில் பலகைகூட நேராக இல்லை. வேண்டாவெறுப்பாகத்தான் கூப்பிட்டாள். அவர் செருப்பைக் கழற்றியதும் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

"வீட்ல எத்தனை பேர் பார்ப்பீங்கக்கா?"

"நான் ஒருத்தி. ஒரு டிவி."

"அப்ப எதுக்கு முந்நூறு? ரொம்பத் தெளிவான படத்துக்கே இருபத்தஞ்சு போதும். வைஃபை பெட்டி எங்க?"

அளவக்கா முன்னறையின் ஆளுயரக் கண்ணாடியைக் காட்டினாள். வாடிக்கையாளர் போட்டுப் பார்க்கும் கண்ணாடி, முதுகில் தகரம் அடித்தது. பெட்டி அதன் பின்னால் இருந்தது. டிவியோ உள்ளறையில்.

"இங்க யாருக்கா வச்சது?"

"நான்தான். வெள்ளையடிச்சப்ப. லைட் மினுக்கு மினுக்குன்னு அசிங்கமா இருந்தது."

கேபிள்காரர் தன் கைபேசியைப் பெட்டியருகே பிடித்துக் காட்டினார். இருநூற்று எண்பது. உள்ளறைக்குப் போய்க் காட்டினார். நாலு. அப்புறம் இரண்டு.

"கண்ணாடியும் தகரமும் சிக்னலைத் திருப்பி அடிச்சிடும்க்கா. வாசல் வரைக்கும் வந்தவனை நீங்களே கதவைச் சாத்தி வெளிய நிக்க வச்சிருக்கீங்க."

அளவக்கா கண்ணாடியில் தன்னையே பார்த்தாள். ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவள், சொந்த வீட்டுக்குள் நாலடி தள்ளி நின்று அளக்கவில்லை. தாள்கள் மேலிருந்த அருவருப்பு முழுசாக அவள் மேலேயே கவிழ்ந்தது. கம்பெனியை மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்கத் துப்பில்லாமல் ஐந்நூறு விற்க வந்த கூட்டம் அது.

"உங்ககிட்ட என்ன இருக்கு?"

"நாற்பது."

"நாற்பது வரையா?"

"நாற்பது. முப்பத்தெட்டுக்குக் கீழ போனா நேரா கடைக்கு வந்து சட்டையைப் பிடிங்க."

"அந்த ரெண்டு, தையலுக்கு விடுற துணி மாதிரி. சரி, போடுங்க."

"பெட்டியை வெளிய எடுத்து, டிவிக்கு நேரா ஒயர் இழுத்துடலாம். ஒரு பத்து மீட்டர் ஆகும்."

"ஆகுமா?" டேப்பை உருவினாள். சுவரோடு ஒட்டி, நிலையைச் சுற்றி, மூலைக்கு மூலை குனிந்து அளந்தாள். "எட்டு மீட்டர் நாற்பது."

ஒயர் புதுச் சுவரில், கச்சாத் தையல் போட்டுப் பிரிக்க மறந்ததுபோல, பட்டவர்த்தனமாக ஓடியது. பார்க்கச் சகிக்கவில்லை. கை பரபரத்தது. மறைக்கவில்லை.

ஞாயிறு வந்தது. "இந்த ஒரு தடவைதான்டி" என்று கெஞ்சித்தான் மகளை உட்கார வைத்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. படம் மகா மட்டம். கதாநாயகன் மழையில் நின்று காதலியின் கைக்குட்டையைப் பிழிந்து அண்ணாந்து குடித்தான்.

"ச்சீ!" என்றாள் அளவக்கா.

"ச்சீ!" என்றது கைபேசி. அதே நொடி.

"அம்மா," என்றாள் மகள், "வட்டம் எங்கம்மா?"

"தொலைஞ்சுது சனியன். நீ பாரு, இந்தக் கருமம் இன்னும் என்னத்தையெல்லாம் குடிக்கப் போகுதோ."

"பார்க்கிறேன். ஆமா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்..."

அளவக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்லு" என்றாள்.