அரை இட்லி

ஆம்பூரில், பள்ளிவாசலுக்கு வெளியே வழக்கம்போல அன்றும் சாயங்காலம் நின்றது நான், என் மனைவி, ரத்தப் புற்றுநோய்க்கு வேலூரில் வைத்தியம் நடக்கிற எங்கள் சின்ன மகள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் நோயாளிப் பிள்ளைகள்மேல் ஓதி ஊதுவார்கள். தோல் தொழிற்சாலைச் சாயத்தில் விரல்கள் நீலமாகிப்போன ஒரு பாய் எப்போதும் கடைசியில் வருவார். ஊதி முடித்ததும் தவறாமல் கேட்பார்:

"பாப்பா இன்னா சாப்ட்டா?"

"அரை இட்லிதான் பாய். மீதியத் தள்ளிட்டா. பொழச்சிக்குவாளா? பயமா கீது" என்றேன்.

"அது எனக்கு இன்னா தெரியும்? நேத்து கால் இட்லின்னு சொன்ன. அதுக்குத்தான் இப்ப உள்ள நன்றி சொல்லிட்டு வர்றேன். இன்னிக்கு அரையா? ஜாஸ்தி ஆய்டுச்சே! முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?"

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே போனார். நான் பெற்ற பிள்ளை சாப்பிட்டதற்கு நன்றி சொல்ல எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. வாசலில் நின்றபடியே நானும் கைகூப்பினேன்.